இரவல் கிட்டங்கியில் உலகக் கலை: கொச்சி பினாலே 2022 தள்ளிப்போனதன் பின்கதை

2022 டிசம்பர் 12 அன்று ஃபோர்ட் கொச்சி பரேட் மைதானத்தில் மேடை தயார். கேரள முதல்வர் பினராயி விஜயன் வந்தார், பேசினார், ஐந்தாவது கொச்சி-முசிறி பினாலே என்ற கலைத் திருவிழாவைத் தொடங்கி வைத்தார். எல்லாம் நடந்தது, கண்காட்சியைத் தவிர. முதன்மைக் கண்காட்சி 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போகிறது என்ற அறிவிப்பு, திறப்புக்கு முழுதாக ஒரு நாள்கூட இல்லாதபோது வந்தது. அதற்குள் பல நாடுகளிலிருந்து கலைஞர்களும் பத்திரிகைக்காரர்களும் அருங்காட்சியக ஆட்களும் கொச்சியில் வந்து இறங்கிவிட்டிருந்தார்கள். விருந்தாளிகள் மண்டபத்தில் உட்கார்ந்த பிறகு, முகூர்த்தம் பதினொரு நாள் தள்ளி என்று சொன்ன மாதிரி ஆயிற்று.

இதை நிர்வாகக் கோளாறு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அப்போது பலர் அப்படித்தான் எழுதினார்கள். கோளாறு இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 2014-லிருந்து கோயம்புத்தூரில் ரயிலேறிப் போய்ப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இந்தக் கண்காட்சியை நமக்குப் பிடிக்க வைத்த அதே விஷயம்தான் அன்றைக்கு அதன் காலை வாரியது. அதற்குச் சொந்தமாக ஒரு கட்டடம் கிடையாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பியனாலே, பைனியல் என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று அர்த்தம் தரும் இத்தாலியச் சொல். கொச்சி ஆட்டோக்காரர்கள் வாயில் அது பினாலே. நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

முசிறி எங்கே வந்தது?

பெயரின் இரண்டாவது பாதி தமிழ் வாசகருக்குப் பழக்கமானது. அகநானூற்றின் 149-ஆம் பாட்டில், சுள்ளியம் பேரியாற்றின் வெண்நுரை கலங்க யவனரின் மரக்கலங்கள் முசிறிக்கு வருகின்றன. பொன்னோடு வந்து கறியோடு திரும்புகின்றன. கறி என்றால் அங்கே மிளகு. 1341-இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் பழைய துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது, அதன் பிறகுதான் கொச்சியின் கழிமுகம் பெரிய துறைமுகமாக எழுந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. பட்டணம் என்ற ஊரில் 2007-லிருந்து கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் தோண்டியதில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அதுதான் முசிறி என்று பலரும் கருதுகிறார்கள்.

2010-இல் அப்போதைய கேரளப் பண்பாட்டு அமைச்சர் எம்.ஏ. பேபி, மும்பையில் வாழ்ந்த இரண்டு மலையாள ஓவியர்களிடம் கேரளத்துக்கென்று பெரிதாக ஏதாவது செய்யக் கேட்டார். போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு. வெனிஸ் பினாலே மாதிரி ஒன்று செய்யலாம் என்று அவர்கள் சொன்னார்கள். அரசு 5 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2011-இல் ஆட்சி மாறியது. அப்புறம் நடந்தது நமக்கும் தெரிந்த கதைதான். பணம் எங்கே போயிற்று என்று கேள்வி, விஜிலென்ஸ் விசாரணை, கலைஞர்களுக்குள்ளேயே எதிர்ப்பு, மேற்கொண்டு நிதி வருமா வராதா என்ற இழுபறி. இவ்வளவுக்கும் நடுவில் 2012 டிசம்பர் 12 அன்று முதல் பினாலே திறந்தது. பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைத் திட்டப்போகிறேன்.

அந்த முதல் நாளிலும் பல படைப்புகள் முடிந்திருக்கவில்லை. பெட்டிகள் வந்து சேரவில்லை, சுவர்களில் பெயின்ட் காயவில்லை. யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளவில்லை. காசில்லாமல், கடனில், நண்பர்களின் உழைப்பில் எழுந்த காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். தள்ளாடி நடந்த குழந்தையைப் பார்த்துக் கைதட்டுவது மாதிரி தட்டினார்கள். பத்து வருஷம் கழித்தும் அதே தள்ளாட்டம் என்றால் கைதட்ட முடியாதுதானே.

கிட்டங்கியே காட்சிப்பொருள்

வெனிஸ் பினாலே 1895-இல் தொடங்கியது. அங்கே ஜியார்தினி பூங்காவில் நாடுகள் தங்களுக்கென்று மண்டபங்களைக் கட்டி வைத்திருக்கின்றன. ஜெர்மனியின் காசல் நகரத்தில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் டாக்குமென்டாவுக்கு அருங்காட்சியகக் கட்டடம் உண்டு. கொச்சிக்கு இருந்தது ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867-இல் ஜான் ஆஸ்பின்வால் தொடங்கிய கம்பெனியின் கடலோர வளாகம். தேங்காய் எண்ணெய், மிளகு, மரம், இஞ்சி, மஞ்சள், எலுமிச்சைப்புல் தைலம், பிற்பாடு கயிறு, காப்பி, தேயிலை, ரப்பர் என்று வியாபாரம் நடந்த இடம். 2022-இல் அது ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்குச் சொந்தம். பினாலேவுக்கு அது இரவல் வீடு. பெப்பர் ஹவுஸ், மட்டாஞ்சேரிப் பக்கத்துக் கிட்டங்கிகள் எல்லாம் அப்படித்தான்.

நான் முதலில் போனது இரண்டாவது பதிப்புக்கு. ஓவியர் ஜிதிஷ் கல்லத் தொகுத்தது, 30 நாடுகளிலிருந்து 94 கலைஞர்கள். எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் பத்து ரூபாய்கூட ஆகாத அரசுப் படகு. வாட்டர் மெட்ரோ எல்லாம் 2023-இல்தான் வந்தது. ஆஸ்பின்வாலில் கடலைப் பார்த்த ஒரு அறையில் சிற்பி அனிஷ் கபூரின் நீர்ச்சுழல் இருந்தது. தரையில் ஒரு வட்டம், அதற்குள் கறுப்புத் தண்ணீர் வெறிபிடித்த மாதிரி சுழன்று நடுவில் குழிந்து உள்ளே போகிறது. இரைச்சல் காலில் ஏறுகிறது. ஜன்னலுக்கு வெளியே நிஜக் காயல் ஒன்றுமே நடக்காதது போலக் கிடக்கிறது.

பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் நின்றார். அவர் சுழலைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தலையை உயர்த்தி மேலே உத்தரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நானும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "என்ன சேட்டா பார்க்கிறீங்க?" என்றேன். இதே மாதிரி கிட்டங்கிகளில் சின்ன வயதில் மூட்டை தூக்கினவராம். தராசு தொங்கவிடும் கொக்கி எந்த உத்தரத்தில் இருக்கும், மழை எந்த மூலையில் ஒழுகும் என்று கை காட்டிச் சொன்னார். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. கடைசியில் சுழலைக் காட்டி, "மோட்டர் எவிடெயா?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான், வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்தேன்.

ஒரு வெள்ளைச் சுவர் கேலரியில் அந்தப் பெரியவர் காலை எடுத்து வைத்திருப்பாரா? எனக்குச் சந்தேகம். சென்னையில் பல கேலரிகளின் வாசலில் செருப்பைக் கழற்றணுமா வேண்டாமா என்று நானே தயங்கி நின்றிருக்கிறேன். கிட்டங்கிக்குள் நுழைய யாருக்கும் தயக்கமில்லை. முதல் பதிப்புக்குச் சுமார் 4 லட்சம் பேர், 2016-17 பதிப்புக்கு 6 லட்சம் பேர் வந்ததாக பினாலேவை நடத்தும் அறக்கட்டளை கணக்குச் சொல்கிறது. எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து எடுத்துக்கொண்டாலும் மீன்காரம்மாவும் பள்ளிப் பிள்ளைகளும் வரிசையில் நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இடம் படைப்பையும் மாற்றியது. 2012-இல் ஷீலா கௌடாவும் சுவிட்சர்லாந்துக்காரரான கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் சேர்ந்து 170 ஆட்டுக்கல்களை ஆஸ்பின்வால் வளாகத்தில் பரப்பினார்கள். பெங்களூரில் வீடுகளைப் புதுப்பிக்கும்போது பெயர்த்துப் போட்ட கற்கள். நம் வீடுகளிலும் இது நடந்ததுதான். கிரைண்டர் வந்தது, ஆட்டுக்கல் கொல்லைக்குப் போனது. உடைக்க மனசு வராது, அம்மி மிதித்துக் கல்யாணம் செய்கிற கூட்டம் நாம். தூக்கவும் முடியாது. தெருவோரத்தில் கிடக்கும். தரையில் பதித்த கல்லைப் பிடுங்கினால், நாம் பார்த்தே இராத அதன் அடிப்பாகம் கரடுமுரடாக, பனங்கிழங்குக் குழியிலிருந்து எடுத்தது போல் வெளியே வரும். மேலே மட்டும் பல கைகள் சுற்றிச் சுற்றி வழவழப்பாக்கிய குழி. மசாலா ஏற்றுமதி செய்து செழித்த வளாகத்துக்கு மசாலா அரைத்த கல் கப்பலேறக் காத்திருப்பது போல் வந்து கிடந்தது. நான் இதைப் படத்தில் மட்டுமே பார்த்தேன், அந்த வருஷம் போகவில்லை. இன்னும் வருத்தம்தான்.

அதே முதல் பதிப்பில் விவான் சுந்தரம் பட்டணம் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளை வைத்து ஒரு மூழ்கிய நகரத்தையே அடுக்கினார், மிளகும் சேர்த்து. 2014-இல் திருவண்ணாமலையில் பிறந்து சென்னையில் வேலை செய்யும் பெனிதா பெர்சியாள், பெப்பர் ஹவுஸில் சாம்பிராணி, வெள்ளைப்போளம், வாசனைப் பொருள்களைக் குழைத்து கிறிஸ்தவ உருவங்களைச் செய்து வைத்தார். அறைக்குள் போவதற்கு முன்பே மூக்கு போய்விடும். 2016-இல் சிலிக் கவிஞர் ராவுல் சுரிதா ஒரு நீளமான கிட்டங்கியில் கடல்நீரை நிரப்பினார். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து போய்த்தான் சுவரில் உள்ள வரிகளைப் படிக்க வேண்டும். துருக்கிக் கரையில் சடலமாக ஒதுங்கிய சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அவனுடன் மூழ்கிய அண்ணன் காலிப்புக்குப் படம் இல்லை. படைப்பு அவனுக்காக. எனக்கு முன்னால் போன ஒரு அம்மா, கடைசிச் சுவர் வரை போய்ப் படித்துவிட்டு, புடவைக் கொசுவத்தை விட்டுவிட்டார். ஈரத்தோடு திரும்பி வந்தார். சளைக்காமல் வியாக்கியானம் செய்யும் விமர்சகர்களை விட அந்த நனைந்த புடவை எனக்கு அதிகம் சொன்னது.

இவை எதையும் குளிர்சாதன வசதி செய்த மண்டபத்தில் இப்படிச் செய்திருக்க முடியாது. இது ஒரு பக்கம்.

தேதியும் மழையும்

இன்னொரு பக்கத்துக்கு வருகிறேன். இரவல் வீடு என்றால் ஒவ்வொரு முறையும் சாவியை வாங்க வேண்டும். 2022-இல் அறக்கட்டளை சொன்ன காரணங்களில் முக்கியமானது, ஆஸ்பின்வால் ஹவுஸ் கைக்கு வரத் தாமதமானது. அரசு அதை விலைக்கு வாங்குவது பற்றி உரிமையாளருடன் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. சாவி வந்த பிறகுதான் கூரை எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியும். கோவிட் காரணமாக 2020 பதிப்பு நடக்கவில்லை. அதாவது 2019 மார்ச்சுக்குப் பிறகு ஏறக்குறைய மூன்றே முக்கால் ஆண்டு இடைவெளி.

கேரளத்து மழைக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஜூனில் எடவப்பாதி, அக்டோபர் தொடங்கித் துலாவர்ஷம். ஓட்டை மாற்ற, சுவரைப் பூச, பிளைவுட் தடுப்பு எழுப்ப நல்ல வெயில் கிடைப்பது நவம்பர் கடைசியில்தான். டிசம்பர் 12-க்குத் திறப்பு என்றால் கையில் இருப்பது இரண்டு மூன்று வாரம். அந்த ஆண்டு அதையும் மாண்டஸ் புயல் கெடுத்தது. டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது, அதன் ஈரம் மலை தாண்டிக் கொச்சியையும் நனைத்தது. திறப்புக்கு மூன்று நாள் முன்னால், ஒழுகும் கிட்டங்கிக்குள் புரொஜெக்டரும் ஸ்பீக்கரும்.

இங்கேதான் அந்தத் தேதியைத் திட்ட வேண்டியிருக்கிறது. 12-12-12 ஒரு நல்ல விளம்பரம். ஒருமுறை. அதை அடுத்தடுத்த பதிப்புகளுக்கும் முகூர்த்த நாளாக்கியது வீம்பு. ஜனவரி பத்துக்குத் திறந்து ஏப்ரல் வரை ஓட்டினால் என்ன குறைந்துவிடும்? கிறிஸ்துமஸ், புத்தாண்டுச் சுற்றுலாக் கூட்டம் போய்விடும் என்பார்கள். சரி, அது நிஜமான கணக்குதான். ஃபோர்ட் கொச்சி ஓட்டல்காரர்களைக் கேட்டால் டிசம்பரைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தக் கணக்குக்கு விலையாகக் கட்டடத்துக்குக் காய நேரமில்லாமல் போகிறது.

மூன்றாவது, பெட்டிகள். வெளிநாட்டுப் படைப்பு ஒன்று வருவதென்பது கூரியர் அனுப்புவது மாதிரி இல்லை. விற்பனைக்கு இல்லை, காட்டிவிட்டுத் திருப்பி அனுப்புவோம் என்ற உறுதியோடு தற்காலிக இறக்குமதியாக வர வேண்டும். அதற்கு ஏடிஏ கார்னே என்ற பயண ஆவணம் உண்டு, பொருளுக்கு எடுக்கும் பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் சுங்கத்தில் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மரப்பெட்டிக்குக்கூட பூச்சி இல்லை என்று சூடுபடுத்திய முத்திரை வேண்டும். ஒரு தாளில் ஒரு எண் தவறினால் பெட்டி துறைமுகத்தில் படுத்துவிடும். கலைப்பொருள் போக்குவரத்து அறிந்த ஆட்கள் வருஷம் முழுக்கச் சம்பளத்தில் இருந்தால் சமாளிக்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் சேர்த்து, முடிந்ததும் கலைத்துவிடும் அமைப்பில், போன முறை கற்ற பாடம் போன முறை ஆட்களோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. கோவிட் இடைவெளி இதை இன்னும் மோசமாக்கியிருக்கும் என்பது என் ஊகம்.

பணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தொடங்கிய நாளிலிருந்து அது பற்றாக்குறைதான்.

திறக்க முடியாமல் போனதும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் கையெழுத்திட்டு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெட்டிகள் தாமதம், காட்சி அறையில் மழை ஒழுகல், நிலையில்லாத மின்சாரம், கருவிகளும் வேலையாட்களும் போதாமை, என்ன நடக்கிறது என்று யாரும் ஒழுங்காகச் சொல்லாதது. பட்டியலில் முதல் நான்கையும் மழை மேலும் சுங்கம் மேலும் போடலாம். கடைசியதைப் போட முடியாது. இரண்டு வாரம் முன்பே தள்ளிவைப்பு என்று சொல்லியிருந்தால் கோபம் பாதியாகியிருக்கும். கடைசி இரவு வரை எப்படியாவது முடித்துவிடலாம் என்று நம்பியது, 2012-இல் அது பலித்ததால் வந்த பழக்கம் என்று நினைக்கிறேன்.

யாருக்கு நஷ்டம்?

120 நாள் திட்டமிட்ட கண்காட்சி 109 நாளாகச் சுருங்கியது. எண்ணில் பார்த்தால் பெரிய இழப்பில்லை. ஆனால் அந்தப் பதினொரு நாள் எல்லோருக்கும் ஒரே பதினொரு நாள் இல்லை.

மட்டாஞ்சேரிக்காரருக்கோ எனக்கோ ஒன்றும் ஆகவில்லை. நான் பிப்ரவரியில் போனேன், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வாரத்துக்கென்று டிக்கெட் எடுத்து லண்டனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் பூட்டிய அறைகளைப் பார்த்துவிட்டு மாணவர் பினாலே போன்ற துணைக் கண்காட்சிகளைச் சுற்றிவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு கலைஞருக்கு அந்த முதல் வாரம்தான் வாய்ப்பு. அவர் படைப்பைப் பார்த்து அடுத்த அழைப்பு கொடுக்கக்கூடியவர்கள் வருவது அப்போதுதான். வெனிஸிலும் இடம் கிடைக்கக்கூடிய பெரிய பெயர்களுக்கு இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். உள்ளூரிலிருந்து, முதல் முறையாக, கையிலிருந்து செலவழித்து ஒரு அறையை நிரப்பிய இளைஞருக்கு அது வேறு.

உள்ளூரையும் உலகத்தையும் ஒரே கூரையில் சேர்த்தோம் என்பதுதான் கொச்சியின் பெருமை. பார்வையாளர் விஷயத்தில் அது உண்மை. தொழில் என்று வரும்போது இரண்டு பேருக்கும் காலண்டர் வேறு, அது டிசம்பர் 12-இல் தெரிந்துபோனது.

இதில் எனக்குப் பாவமாக இருந்தது ஷுபிகி ராவ்தான். மும்பையில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் கலைஞர். அந்தப் பதிப்பின் தொகுப்பாளர். அழிக்கப்பட்ட நூல்கள், எரிக்கப்பட்ட நூலகங்கள் பற்றிப் பல ஆண்டு வேலை செய்தவர். 2020-க்கென்று தேர்வானவர், கோவிட்டால் இருமுறை தள்ளிப்போய் அதே பொறுப்பைச் சுமந்துகொண்டே காத்திருந்தார். நம் நரம்புகளில் மையும் நெருப்பும் ஓடுகின்றன என்பது அவர் வைத்த தலைப்பு. பேச்சு அடக்கப்பட்டவர்கள் எப்படியாவது சொல்லிவிடுவதைப் பற்றிய தேர்வு. பிப்ரவரியில் போனபோது அது நன்றாகவே இருந்தது. கொஞ்சம் வீடியோ அதிகம், உட்கார நாற்காலி குறைவு. ஒரு அறையில் படம் பாதியில் நின்று நீலத்திரை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஒரு தன்னார்வலப் பெண் ஓடி வந்து ரிமோட்டைத் தட்டினாள், வரவில்லை, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினாள். வந்தது. எல்லோரும் அவளுக்குக் கைதட்டினார்கள்.

நம் பக்கம் இதைக் கவனிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். 2016-இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலேவும் இரவல் இடங்களில்தான் நடக்கிறது. அதன் 2019 பதிப்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸுக்குள்ளும் நடந்தது. அங்கே சுவரில் ஆணி அடிக்க முடியாது, தொடவே கூடாத பாரம்பரியக் கட்டடம். அந்தக் கட்டுப்பாடே கண்காட்சிக்கு அழகைத் தந்தது. புகைப்படத்தைத் தாங்கிகளில் நிறுத்தலாம், பெட்டி சின்னது, சுங்கச் சிக்கல் குறைவு. கொச்சி அளவுக்குச் சிற்பமும் தண்ணீரும் ஆட்டுக்கல்லும் என்று போனால் இங்கேயும் அதே மாட்டிக்கொள்ளல்தான்.

2023 ஏப்ரல் 10-இல் ஐந்தாவது பதிப்பு முடிந்தது. இரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2024 டிசம்பரில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு ஆண்டு கூடுதலாக எடுத்துக்கொண்டு, கோவாவைச் சேர்ந்த நிகில் சோப்ராவும் எச்எச் ஆர்ட் ஸ்பேசஸ் குழுவும் தொகுக்க, 2025-இல் ஆறாவது பதிப்பு திறந்தது. கட்டடங்கள் வழக்கம் போல இரவல். தேதி வழக்கம் போல டிசம்பர் 12. தலைப்பைத் தமிழில் சொன்னால், இப்போதைக்கு.